வாசற்படிக்குக் கீழே ஒரு கிழங்கறை

மார்க்கம் நகரில் 1998இல் நாங்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மன்ட் மூலையில் ஒரு கனத்த கதவு இருந்தது. வீட்டைக் காட்டிய முகவர் அதைத் திறந்து, “இது கோல்ட் றூம்” என்று சொல்லிவிட்டு உடனே மூடினார். நாலு பக்கமும் சீமெந்துச் சுவர், மேலே சீமெந்துக் கூரை. அந்தக் கூரையின் மேல்தான் எங்கள் வாசற்படி நிற்கிறது என்பது எனக்குப் பிடிபடவே ஒரு வருடம் ஆனது. முதல் பத்து வருடங்கள் அதற்குள் அரிசி மூட்டையும் பயணப் பெட்டிகளும் பிள்ளைகளின் பழைய சைக்கிளும் கிடந்தன. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கள் ஆட்களின் வீடுகள் பலவற்றில் இந்த அறை உண்டு. எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்காமலே அதற்குள் அரிசி மூட்டையை அடுக்கிவிடுகிறோம்.

கிழங்கும் மரக்கறியும் வைக்கத்தான் கட்டினார்கள்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. கோடையில் எங்கள் வீடுகளின் பின்வளவுகளைப் பார்த்தால் ஊர் நினைவு வரும். கத்தரி, பயற்றை, பாகல், புடோல், மிளகாய் என்று ஒரு சாண் நிலம்கூட வெறுமையாக இராது. அவ்வளவு பாடும் ஒக்ரோபரில் ஒரே இரவில் முடிந்துபோகும். முதல் உறைபனி விழுந்த காலையில் இலைகள் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கும். அதற்குப் பிறகு மே மாதம் வரை கடைதான். தோட்டம் செய்யத் தெரிந்த நாங்கள், குளிர்காலத்தைத் தாண்டி நிற்கக்கூடியவற்றை நடுவதில்லை. நட்டாலும் வைக்கத் தெரிவதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

நான் பிறந்தது வலிகாமத்துச் செம்மண்ணில். 1970களின் முற்பகுதியில் உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள். ஐயாவும் அப்போதுதான் கல்வீடு கட்டினார். மாரி மழை ஓய்ந்த கையோடு கிழங்கு நடுவார், மாசியில் கிண்டுவார். கிண்டிய கிழங்கு வளவில் இரண்டு நாள்கூடத் தங்காது, லொறி வந்து அள்ளிக்கொண்டு கொழும்புக்குப் போய்விடும். பங்குனி வெயில் தொடங்கினால் சாக்குக்குள்ளேயே அவிந்துவிடும் என்பது அவருடைய பயம். நாங்கள் வைத்துச் சாப்பிட்டவை வேறு. வெங்காயத்தைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலின் வளையில் தொங்கவிட்டோம். ஒடியலைக் காயவைத்தோம். வீட்டுக்கென்று எடுத்த கொஞ்ச உருளைக்கிழங்கை அம்மா இருட்டறை மண் நிலத்தில் ஒன்றையொன்று முட்டாமல் பரப்பிவைப்பா. “தம்பி, சாக்கிலை போடமுன்னம் ஒருக்கா மணந்து பார்” என்பா. இருட்டில் கண்ணைவிட மூக்கு நல்ல காவல் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது.

அதையெல்லாம் மறந்துபோய், 2009இல் இங்கே முதன்முதலாகக் கிழங்கு போட்டேன். ஐந்து கிலோ விதைக்கிழங்கு, இருபதடி நீளத்தில் நாலு வரிசை. செப்டெம்பரில் நாற்பத்தைந்து கிலோவுக்குக் கிட்ட வந்தது. சந்தோசத்தில் அவ்வளவையும் தண்ணீர்க் குழாயால் பளிச்சென்று கழுவினேன். பிளாஸ்ரிக் பைகளில் கட்டி, அந்த அறையில் அடுக்கினேன். பக்கத்தில் தோட்டத்துக் கரட், அதற்கும் பக்கத்தில் பிள்ளைகளோடு போய்ப் பிடுங்கி வந்த ஒரு பெட்டி அப்பிள். நொவெம்பர் நடுவில் மனைவி படியேறி வந்து, “இஞ்சருங்கோ, கீழை ஏதோ செத்துக் கிடக்குது” என்றா. செத்துக் கிடந்தது கிழங்கு. பைகளுக்குள் பாதி கூழாகி வழிந்தது. கரட் அழுகவில்லை, ஆனால் வாயில் வைக்க ஏலாத கைப்பு.

குப்பைப் பையோடு நான் வெளியே வந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, கலாபிரியாவில் இருந்து இளவயதில் கப்பலேறி வந்தவ, வேலியடியில் நிறுத்தி விசாரித்தா. பிறகு தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன்னுடைய அறையைத் திறந்து காட்டினா. இத்தாலியர்கள் அதைக் கன்ரீனா என்கிறார்கள். ஒரு பக்கம் தக்காளிச் சாறு அடைத்த போத்தல்கள், வளையில் தொங்கும் இறைச்சி, கீழே மரப்பெட்டிகளில் மண் ஒட்டியபடி கிழங்கு. அப்பிள் ஒன்றுகூட இல்லை. “கிழங்கு மூச்சுவிடும், அதன் மூக்கைப் பொத்தாதே” என்றா. எனக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது.

கிண்டி எடுத்த கிழங்கு உயிருள்ள பொருள். அது ஒரு தண்டு. தன் கண்களில் அடுத்த வருடத்து முளைகளை வைத்துக்கொண்டு உறங்குநிலையில் கிடக்கிறது. உறங்கும்போதும் பிராணவாயுவை உள்ளிழுக்கிறது. தன் மாப்பொருளைக் கொஞ்சங்கொஞ்சமாக எரித்துக் கரியமிலவாயுவையும் ஈரத்தையும் சூட்டையும் வெளிவிடுகிறது. சூடு கூடினால் மூச்சு வேகமாகும், கிழங்கு சீக்கிரம் விழித்து முளைக்கும். காற்று வறண்டால் தோல் சுருங்கும். பிளாஸ்ரிக் பைக்குள் விட்ட ஈரம் திரும்ப அதன் மேலேயே படிந்தால் அழுகல் பற்றீரியாவுக்குக் கொண்டாட்டம். ஆகவே இருட்டு, குளிர், ஈரக்காற்று, ஆனால் மேலே தண்ணீர் படியாத காற்றோட்டம். உருளைக்கிழங்குக்கு நாலு பாகை செல்சியஸ் அளவும், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட ஈரப்பதமும் நல்லது. வீட்டுப் பிறிட்ஜ் இதற்குச் சரிவராது. அது குளிர் மட்டுமல்ல, வறட்சியும்கூட.

வேலை தோட்டத்திலேயே தொடங்குகிறது. வைத்துச் சாப்பிடுவதற்குப் பிந்தி முற்றும் இனங்களைத்தான் நடவேண்டும். ஜூலையில் கிண்டும் பிஞ்சுக் கிழங்கு அன்றாடக் கறிக்கு. செடி மஞ்சளித்துச் சாயத் தொடங்கியதும் தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுவேன். கொடி முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டு கிழமை மண்ணுக்குள்ளேயே விடுவேன். ஒன்றைக் கிண்டிப் பெருவிரலால் தோலை உரசிப் பார்ப்பேன். தோல் உரிந்தால் இன்னும் நேரம் வரவில்லை. உரியாவிட்டால் மழையில்லாத ஒரு நாளாகப் பார்த்து முள்ளுக்கரண்டியை எட்டக் குத்தி, கையால் அள்ளி எடுப்பேன். கழுவக்கூடாது. மண் காய்ந்ததும் கையால் தட்டிவிட்டால் போதும். குத்துப்பட்டதையும் வெட்டுப்பட்டதையும் வேறாக்கி அந்தக் கிழமையே சமைத்துவிட வேண்டும்.

இனிச் சொல்லப்போவது பலருக்கும் தெரியாத படி. கிண்டியவுடனே குளிரில் வைக்கக்கூடாது. பத்துப் பதினான்கு நாட்கள், பத்து முதல் பதினைந்து பாகை வரையான இடத்தில், இருட்டில், ஈரக்காற்றில் கிடக்கவேண்டும். மண்வெட்டி பட்ட கீறல், கல் உரசிய சிராய்ப்பு எல்லாவற்றின் மேலும் கிழங்கு தானே ஒரு தக்கைப் படலத்தை வளர்த்துக்கொள்ளும். முழங்காலில் பட்ட காயத்தில் பொருக்குக் கட்டுவது போன்றது அது. பொருக்குக் கட்டாத கிழங்கைக் குளிரில் போட்டால் அந்தக் கீறலே கிருமிக்கு வாசல்.

ஒரு பழைய வெப்பமானியைத் தொங்கவிட்டு நாலு வருடமாக அந்த அறையின் குளிரைக் கொப்பியில் எழுதிவந்தேன். செப்டெம்பர் கடைசியில் பதின்மூன்று, பதினாலு பாகை காட்டும். ஒக்ரோபர் முடிய எட்டு. டிசெம்பர் தொடங்க ஐந்து. ஜனவரியில் வெளிச்சுவரோரம் ஒன்றுக்கும் இறங்கும். அதாவது கிண்டிய கிழங்குக்குப் பொருக்குக் கட்டும் சூட்டை முதலில் தந்து, பிறகு மெல்ல மெல்ல உறங்கும் குளிருக்கு அதைக் கொண்டுபோகிறது அந்த அறை. ஒரு விசையும் இல்லை, மின்சாரச் செலவும் இல்லை. வெளியே காலம் மாறும் அதே வேகத்தில் சீமெந்தும் மண்ணும் தம் சூட்டை விடுகின்றன. அந்தக் கொப்பியைப் பார்த்தபோது, எங்களுக்கு முன்னே இந்த நாட்டில் குளிர்காலம் கழித்தவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கவே ஒரு கோடையில் நியூபவுண்ட்லாந்துக்குப் போனோம். 1986 ஓகஸ்ட் மாதம் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்ட கடல் அது. எங்கள் ஆட்கள் அந்தத் தீவின் பெயரைக் கேட்டதும் அதைத்தான் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். பொனவிஸ்ரா முனையில் எலிஸ்ரன் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. கிழங்கறைகளின் உலகத் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர். 130க்கும் மேற்பட்ட கிழங்கறைகள் அங்கே புல்மேடுகளுக்குள் புதைந்து கிடக்கின்றன. மிகப் பழையது 1839ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். பாறைக் கல்லை அடுக்கிக் கட்டி, மேலே புல்தரையோடு மண்ணை மூடியிருக்கிறார்கள். குனிந்துதான் உள்ளே போகலாம். ஒரு கதவு, இரண்டடி இடைவெளி, பிறகு இன்னொரு கதவு. வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உட்கதவைத் திறப்பார்களாம். உறைகுளிர் உள்ளே நுழையாமல் இருக்க அந்த இடைவெளிதான் காவல். மீன் பிடித்து வாழ்ந்த அந்த மக்களுக்கு, கடல் பனிக்கட்டியாகிவிட்ட மாதங்களில் கிழங்கும் கரட்டும் கோவாவும் இந்த மேடுகளுக்குள் இருந்துதான் வந்தன. இன்றும் சில குடும்பங்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றன. உள்ளே நின்றபோது மண்ணும் கிழங்கும் கலந்த மணம். அம்மாவின் இருட்டறை மணம் அது.

திரும்பி வந்து அறையைச் சீர்செய்தேன். வெளிச்சுவரில் மேலே ஒரு குழாய் மட்டும் இருந்தது, அதையும் முன்பு யாரோ துணியால் அடைத்திருந்தார்கள். துணியை எடுத்துவிட்டு, இன்னொரு குழாயை உள்ளே நிலத்துக்குக் கிட்ட வரை இறக்கினேன். குளிர்காற்று கனமானது, கீழ்வழியாக வந்து நிலத்தில் படியும். சூடேறிய காற்று மேற்குழாயால் வெளியேறும். இரண்டின் வாயிலும் எலி நுழையாதபடி கம்பிவலை. அப்பிள் கராஜுக்குப் போய்விட்டது. பழுக்கும் அப்பிள் எதிலீன் என்ற வாயுவை விடுகிறது. என் கரட்டைக் கைக்க வைத்தது அதுதான்.

கரட்டுக்கு உருளைக்கிழங்கைவிடக் கூடிய குளிர் வேண்டும், பூச்சியத்துக்குச் சற்று மேலே. ஆகவே அதன் இடம் வெளிச்சுவரோரம், நிலத்தில். இலையை ஒரு விரற்கடை விட்டு வெட்டி, கழுவாமல், ஈர மணலுக்குள் படைபடையாக அடுக்குவேன். கையில் பிடித்து அமத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் வடியக்கூடாது, அதுதான் மணலின் பதம். பீற்றூட்டுக்கும் அதே மணல். ஆனால் அதன் இலையைக் கத்தியால் வெட்டாமல் கையால் முறுக்கிப் பிய்க்கவேண்டும், வால் வேரைத் தொடவே கூடாது. தொட்டால் சிவப்பெல்லாம் சட்டியில் ஒழுகிவிடும். முள்ளங்கியும் மணலில் கிடக்கும், ஆனால் அவ்வளவு காலம் நில்லாது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கை எங்கள் ஆட்கள் வாங்கி நான் கண்டது குறைவு. அதை அறைக்குக் கொண்டுபோகவே தேவையில்லை. மேலே வைக்கோலைத் தடிப்பாகப் போட்டு நிலத்திலேயே விட்டால், உறைபனியில் அதன் மாப்பொருள் சீனியாகிறது. மார்ச் கடைசியில் நிலம் இளகியதும் கிண்டினால், மரவள்ளியையும் கரட்டையும் சேர்த்தது போன்ற ஒரு இனிப்பு. தேங்காய்ப் பால் விட்டு வெள்ளைக் கறியாக வைத்துப் பாருங்கள்.

உருளைக்கிழங்கிலும் இதே மாற்றம் நடக்கும், ஆனால் அங்கே அது நல்லதல்ல. நாலு பாகைக்குக் கீழே நீண்டநாள் கிடந்தால் மாப்பொருள் சீனியாக உடைந்து தேங்குகிறது. கறி தித்திக்கும். பொரித்தால் உள்ளே வேகமுன்னம் வெளியே கருகும். 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் பொரித்த கிழங்கில் அக்ரிலமைட் என்ற கெடுதியான பொருளைக் கண்டுபிடித்தார்கள். கிழங்கில் சீனி கூடினால் பொரியும்போது அதுவும் கூடும். தித்திக்கத் தொடங்கிய கிழங்கைச் சமையலறை இருட்டு மூலையில், கடதாசிப் பையில் இரண்டு மூன்று கிழமை வைத்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். நான் அதை அவித்துப் பிரட்டுவேனே தவிரப் பொரிக்கமாட்டேன்.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அறைக்குள் பல்பை அணைக்க மறந்து ஒரு கிழமை விட்டால் மேலடுக்குக் கிழங்கு பச்சையாகும். அந்தப் பச்சை இலைகளில் உள்ள அதே பச்சையம், அதனால் தீங்கில்லை. ஆனால் வெளிச்சம் பட்ட கிழங்கில் சொலனின் என்ற நஞ்சும் சேர்ந்து ஊறும். அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. சின்னப் பச்சைப் புள்ளி என்றால் தடிப்பாகச் சீவி எறியலாம். நன்றாகப் பச்சையானதையும், வாயில் கைப்பதையும் முழுதாக எறிந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குச் சமைக்கும் வீட்டில் இதில் கஞ்சத்தனம் கூடாது.

வத்தாளங்கிழங்கு என்னை ஒரு வருடம் ஏமாற்றியது. கிழங்கு என்ற பெயரை நம்பி அதையும் குளிரறைக்குள் வைத்தேன். வெளியே பார்க்க நல்லாகத்தான் இருந்தது, அவித்தபோது நடுவில் கல்லுப்போல ஒரு கட்டி. அது வெப்பநாட்டுப் பயிர். கிண்டியதும் இருபத்தொன்பது பாகைச் சூட்டில் ஒரு கிழமை கிடக்க வேண்டும், பிறகும் பதின்மூன்று பாகைக்குக் கீழே போகக்கூடாது. இப்போது அது பேஸ்மன்ட் படிகளுக்குக் கீழே இருக்கும் அலுமாரியில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வெங்காயமும் உள்ளியும் குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்கா. அவற்றைக் கராஜின் உட்சுவரில், ஐயா கட்டியதுபோலவே பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே போவேன். கதவைத் திறந்ததும் விளக்கைப் போடமாட்டேன். முதலில் மணப்பேன். மண் மணம் வந்தால் நல்லது. இனிப்பும் அழுகலுமாக மெல்லிய நாற்றம் வந்தால் அன்று மேலே போக நேரமாகும். பெட்டி பெட்டியாகக் கொட்டி, நசிந்த அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, அதைத் தொட்டுக் கிடந்தவற்றையும் எடுக்கவேண்டும். அயர்லாந்தில் 1845இல் கருகல் நோய் வந்தபோது, நல்லதென்று நினைத்துக் குழிகளில் மூடிய கிழங்குகள்கூட அங்கேயே கூழாகின. அடுத்தடுத்த வருடங்களிலும் விளைச்சல் பொய்த்தது. அந்தப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். என் வீட்டில் ஒரு பெட்டி அழுகினால் கடைக்குப் போவேன். அவர்களுக்கு அந்தக் குழிதான் கடை. இதை நினைக்காமல் அந்தக் கதவை நான் திறப்பதில்லை.

ஜனவரியில் வெளியே மைனஸ் இருபதுக்கு இறங்கும் இரவுகள் மூன்று நாலு வரும். உருளைக்கிழங்கு மைனஸ் ஒன்றுக்குக் கிட்டவே உறைந்துவிடும். உறைந்து இளகியது எதற்கும் உதவாது. அந்த இரவுகளில் கீழ்க்குழாயை அடைத்து, பெட்டிகளை உட்சுவரோரம் நகர்த்தி, பழைய கம்பளிகளால் மூடிவிடுவேன். பேஸ்மன்ட் பக்கத்துக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைப்பேன். நடுவில் இரண்டு வாளித் தண்ணீர். அந்தத் தண்ணீர் சாதாரண நாளில் காற்றுக்கு ஈரம் தரும். கடுங்குளிரில் கிழங்குக்கு முன்னே தான் உறையத் தொடங்கும், உறையும்போது தன்னிடமுள்ள சூட்டை அறைக்கு விடும். இங்குள்ள பழைய பண்ணை வீடுகளில் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் வைத்தது இதற்காகத்தான்.

மார்ச் நடுவில் கிழங்கின் கண்கள் வெள்ளையாகத் துளிர்க்கும். முளை சின்னதாக இருக்கும்போதே தடவி உதிர்த்துவிட்டால் இன்னும் ஒரு மாதம் ஓடும். தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் உள்ளே உறுதியாக இருந்தால் சமைக்கலாம். முளைத்ததையே விதைக்கிழங்காக வெட்டி நட எனக்கும் ஆசை வந்ததுண்டு. ஆனால் வைரசு நோய்கள் கிழங்கோடு கிழங்காக அடுத்த வருடத்துக்குக் கடந்துவிடும். ஆகவே விதைக்குச் சான்றிதழ் பெற்ற கிழங்கைத்தான் வருடாவருடம் வாங்குகிறேன்.

இந்த வருடம் சித்திரைப் புத்தாண்டன்று காலையில் மனைவி கடகத்தோடு கீழே போனா. மணலுக்குள் கடைசியாக இருந்த பதினொரு கரட், ஒரு பீற்றூட், பெட்டியடியில் நாலு கிலோவுக்குக் கிட்ட உருளைக்கிழங்கு. கிழங்கைப் பிரட்டலாக வைத்தா, கரட்டைச் சம்பலுக்குச் சீவினா. வெளியே வேலியோரத்தில் அழுக்குப் பனி இன்னும் கிடந்தது. பின்னேரம் மணலை வாளி வாளியாக மேலே கொண்டுவந்து வெயிலில் பரப்பினேன். பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். அறை காயட்டும் என்று அந்தக் கனத்த கதவைத் திறந்தே விட்டிருக்கிறேன்.